சிகிச்சைக்கு முன்

"சார், என் பல்லுக்கு எப்ப வைத்தியம் ஆரம்பிப்பீங்க?"

புதன்கிழமை காலைக் கருத்தரங்கில், சாய்ந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி ஆஞ்சலா இதைக் கேட்டாள். அவளைச் சுற்றி நின்ற வெள்ளைக் கோட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தன.

கேட்கக் கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லித்தான் வைத்திருந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ரமா மேடம் முதல் நாளே சொன்னார். அவளுடைய கேஸைப் பார்க்கும் முதுநிலை மாணவன் ரித்விக் வாரம் தவறாமல் சொன்னான். வீட்டில் அம்மா ஜோசஃபினும் சொன்னாள். வேறு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பாத்ரூம் எந்தப் பக்கம், கேன்டீனில் இட்லி தீர்ந்துவிட்டதா, பெரிய டாக்டருடைய மகள் எந்த நாட்டில் இருக்கிறாள், எல்லாவற்றுக்கும் அங்கே பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பல் மருத்துவமனையில் பல்லுக்கு வைத்தியம் எப்போது என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது.

அவள் மேல் முழுத் தப்பும் இல்லை. துறைத் தலைவர் டாக்டர் சீனிவாசராகவன் பாடத்தை முடித்துவிட்டு, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். மாணவர்களைக் கேட்டார். ஆஞ்சலா தன்னையும் சேர்த்துக் கேட்டதாக நினைத்துவிட்டாள். கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தைத் தானே கழற்றி, எச்சில் வழிய மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

டாக்டர் சீனிவாசராகவன் சற்றும் கலங்கவில்லை. "பாத்தேளா, பேஷண்ட் மோட்டிவேஷன் எக்ஸலண்ட். நோட் பண்ணிக்கோங்கோ" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ரித்விக் வளையத்தைத் துடைத்து மறுபடி அவள் வாயில் மாட்டினான். கருத்தரங்கு தொடர்ந்தது.

ஆஞ்சலா ஜீவனஹள்ளிக்காரி. அம்மா கான்வென்ட் சமையல்கட்டில் வேலை. அவள் குடியிருந்த சந்தில் இருந்த உறவுக்காரர் வீடுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். பி.காம். பட்டமளிப்புப் படத்தில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இவள் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கிறாள். சர்ச்சில் எடுத்த உறுதிபூசுதல் படத்திலும் அப்படித்தான். பிஷப்பே சிரித்திருக்கிறார்.

காரணம் மேல்வரிசை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் சந்து. இடது பக்கம் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் பால் பல் ஒன்று, விழ மறந்துபோய், அரிசி மணி போல உட்கார்ந்திருந்தது. சிரிப்பு வந்தால் அவளுடைய வலது கை தானாக மேலே எழும்பும். கையில் டம்ளர் இருந்தால் டம்ளரோடு எழும்பும். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது மற்றவர்கள் சம்பளத்தையும் கேப் வசதியையும் விசாரித்தார்கள். இவள் விசாரித்தது ஒன்றே ஒன்று: வீடியோ உண்டா? இல்லை, வெளிநாட்டுக்காரர்களின் வாஷிங் மெஷின் புகாரைப் போனில் கேட்டுச் சமாதானப்படுத்தினால் போதும், குரல் மட்டும்தான் என்றார்கள். அன்றே சேர்ந்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் இலவசப் பல் முகாம் வந்தது. அத்திபெலே போகிற வழியில் இருந்த அந்தப் பல் மருத்துவக் கல்லூரி நடத்தியது. கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம்; சொல்லி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும், பெயரில் பாதி யாரோ ஒருவருடைய தாத்தா. வைத்தியத்துக்கு ஆள் தேடி வண்டி அனுப்பும் கல்லூரி அது. ஆஞ்சலாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தாடையைச் சுற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவன் படத்தைப் பார்த்துவிட்டு ஓடினான். இன்னொருவன் வந்து பார்த்துவிட்டு ஓடினான். கடைசியில் டாக்டர் சீனிவாசராகவனே வந்தார்.

வர வேண்டிய கோரைப்பல் வராமல், அண்ணத்துக்குள் குறுக்கே படுத்திருந்தது. அது போதாதென்று, கணக்கில் சேராத உபரிப் பல் ஒன்று முன்பற்களுக்கு நடுவே தலைகீழாக, மூக்கைப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேம்மா இருந்தே இத்தனை நாள்?" என்றார். குரல் தழுதழுத்தது.

அந்தக் குரலில் யாரும் ஆஞ்சலாவிடம் அப்படிக் கேட்டதில்லை. மனம் குளிர்ந்துபோனாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் வரை சூடேறும். ஆனால் அன்றைக்குக் குளிர்ந்ததென்னவோ உண்மை. எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஈறைக் கீறி உபரிப் பல்லை எடுத்துவிடுவார்கள்; ஒளிந்திருக்கும் பல்லில் ஒரு சின்ன பொத்தானை ஒட்டிச் சங்கிலி கோத்து, கிளிப் போட்டு மெல்ல மெல்லக் கீழே இழுப்பார்கள்; எல்லாம் இலவசம். அதற்கு முன் சில பதிவுகள் மட்டும் எடுக்க வேண்டும்.

அந்த முன் இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் அச்சு எடுத்தார்கள். ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் இளஞ்சிவப்புப் பசையைத் தட்டில் குழைத்து வாயில் அழுத்தி, குமட்டக் குமட்டப் பிடித்து, அதிலிருந்து மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும், மாவு கரைத்து ஊற்றி இறுகவைத்த மாவுக்கல்லில், மாதிரி செய்தார்கள். பிறகு படங்கள். முகத்துக்கு நேரே, பக்கவாட்டில், வளையம் போட்டு, வளையம் போடாமல். சிரிக்கச் சொன்னார்கள். கை மேலே போனது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மாணவியை நியமித்தார்கள். படங்களில் அவள் கண்களின் மேல் ஒரு கருப்புப் பட்டையை ஒட்டிவிட்டு, "உங்க ப்ரைவஸி எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா" என்றார் ரமா மேடம்.

கண்களைப் பற்றி ஆஞ்சலாவுக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை.

முதலில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட மாணவி அந்தப் படங்களையும் மாதிரிகளையும் காட்டித் தேர்வெழுதி, தங்கப் பதக்கம் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து வந்தவன், முந்தியவள் எடுத்த பதிவுகள் அவளுடையவை, என் தேர்வுக்கு என் பதிவுகள் வேண்டும் என்று மறுபடி பசை குழைத்தான். அவனும் தேறினான். மூன்றாவது ரித்விக். இவனும் குழைத்தான். வைத்தியத்தை ஆரம்பித்தால் கேஸ் கெட்டுவிடும். கெட்ட கேஸை வைத்து யாரும் தேர்வெழுத முடியாது. ஆரம்பிக்காத வரைக்கும்தான் அது கேஸ். ஆஞ்சலாவின் பற்கள் மாவுக்கல்லில் வரிசையாகக் கண்ணாடி அலமாரியில் ஏறின. ஒவ்வொன்றின் கீழும் ஒரே சீட்டு: சிகிச்சைக்கு முன்.

கேட்கக் கூடாததைக் கேட்ட புதன்கிழமைக்கு வருவோம். கருத்தரங்கு முடிந்ததும் டாக்டர் சீனிவாசராகவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார். காபி வரவழைத்து, யோசித்து, அவள் பக்கம் இருந்த கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"வேண்டாம், பால் பல்லுக்கு ரிஸ்க். முறுக்கு, கடலைமிட்டாய் இதெல்லாம் தொடறதில்லையே? அது விழுந்துடுத்துன்னா டிபார்ட்மெண்டுக்கு எவ்ளோ நஷ்டம் தெரியுமோ."

அவள் தொடுவதில்லை என்றாள்.

"நல்ல பொண்ணு. கிளிப் போட்டுக்கணும்னு ஆசைப்படறே. தப்பு சொல்லலே, எல்லாரும்தான் ஆசைப்படறா. ஆனா யோசிச்சுப் பாரும்மா. அந்தப் பல்லை இழுத்து வரிசையில நிறுத்திட்டா அப்புறம் அது என்ன? ஒரு பல்லு. ஊர்ல இருக்கறவா எல்லார் வாயிலயும் இருக்கற பல்லு. இப்ப இருக்கற இடத்துல இருந்தா அது ஒரு டிபார்ட்மெண்ட்." ஒரு வாய் காபி குடித்தார். "என்கிட்டப் படிச்சவா தேசம் பூரா கிளிப் போட்டுண்டிருக்கா. எப்படிக் கத்துண்டா? போடாத வாயைப் பாத்துக் கத்துண்டா. உனக்குப் போட்டுட்டா அடுத்த பேட்ச் எதைப் பாக்கும்? சுயநலமா இருக்கக் கூடாதும்மா."

சுயநலம் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. படித்த பெண், இத்தனை பேர் படிப்புக்குக் குறுக்கே நிற்கிறோமோ என்று ஒரு கணம் நிஜமாகவே கூசிப்போனாள். பிறகு தயங்கித் தயங்கி, "சார், முன்பல்லு ஒண்ணு லேசா ஆடற மாதிரி இருக்கு" என்றாள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "எந்தப் பல்லு?" என்று எழுந்தே விட்டார். மணியை அடித்து ரித்விக்கை அழைத்தார். "உடனே ஒரு எக்ஸ்ரே எடு. தேதி தெளிவா வரணும்."

ரித்விக் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பசை குழைக்கும்போது "சாரி, சாரி" என்பான். எக்ஸ்ரே எடுத்த அன்று மாலை அவள் கம்பெனி பஸ்ஸில் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்ரேயும் இன்றைய எக்ஸ்ரேயும் பக்கத்தில் பக்கத்தில், சிவப்பு அம்புக்குறி போட்டு. கீழே எழுதியிருந்தான்: படுத்திருக்கிற கோரைப்பல் முன்பல்லோட வேரைக் கரைச்சிட்டு வருது, பாதி வேர் காலி. உபரிப் பல்லும் இருந்து, வேரும் கரையறது ரொம்ப ரேர். ஹெச்.ஓ.டி. சார் செம ஹேப்பி. கங்கிராட்ஸ். பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம்.

ஆஞ்சலா, அப்படியானால் அந்தப் பல் என்ன ஆகும் என்று கேட்டு அனுப்பினாள். அவன் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருப்பது திரையில் தெரிந்தது. பஸ் சில்க் போர்டு சிக்னலுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது.

"இப்படியே விட்டா விழுந்துரும். பட் டோன்ட் வொரி, டாகுமெண்ட் பண்ணிடுவோம்."

அவள் நாக்கு நுனியால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை தொட்டுக்கொண்டே இருந்தாள். சந்து விழுந்த பல் என்றாலும் அது அவளுடைய பல். போனால் வராது.

அடுத்த மாதம் கம்பெனி வளாகத்தில் வாய்நல வாரம் கொண்டாடினார்கள். கல்லூரிக்காரர்கள்தான் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த ஆஞ்சலா, கேன்டீன் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பதாகையைப் பார்த்தாள். முழுக்க ஒரு முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புப் பட்டை. வளையம் போட்டு அகலத் திறந்த வாய். சந்து, அரிசி மணிப் பால் பல், எல்லாம் தட்டு அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தன. கீழே கொட்டை எழுத்தில்: அலட்சியம் செய்தால் உங்கள் வாயும் இப்படி ஆகலாம்.

சாம்பார் சாதத் தட்டோடு நின்றவர்களில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஐயோ, யாரு பெத்த பொண்ணோ" என்றாள். பழைய ஆட்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத விதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. இரண்டு வருஷமாகக் கைக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்ததைத் துண்டு துண்டாகப் பார்த்திருந்தவர்களுக்கு அன்று முழுசாகக் கிடைத்தது. கண்ணை மறைத்திருந்தார்கள். அவள் கண் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் நினைவில்லை.

மாலையில் டீம் மேனேஜர் பாலசுப்ரமணியன் அவள் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷன். "அடுத்த மாசத்துல இருந்து மீட்டிங்ல கேமரா கம்பல்சரின்னு மெயில் வந்துச்சில்ல ஆஞ்சலா. உனக்கு மட்டும் ஹெச்.ஆர்.ல பேசி எக்ஸப்ஷன் வாங்கிட்டேன். நீ ஆஃப்லயே இருந்துக்கோ, என்ன."

"தேங்க்ஸ் சார்" என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூடிய கமோடின் மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதாகையைக் கிழித்திருக்கலாம், அந்தப் பெண்ணிடம் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வந்ததெல்லாம் வெட்கம்தான். அதுவும் யாரோ தன்மேல் இரக்கப்பட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்த வெட்கம். அது பல்லைவிட அசிங்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னாள். எக்ஸ்ரேயையும் காட்டினாள். ஜோசஃபின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்தாலும் பெரிய டாக்டரை அவசரப்படுத்தக் கூடாது என்றாள்.

"இனாமாப் பண்றவங்களப் போயி எப்ப எப்பன்னு கேக்கறதாடி? தட்டத் தூக்கிட்டு நின்ன மாதிரி இருக்காது? நம்மள என்னான்னு நெனப்பாங்க?"

"அம்மா, அவங்க எனக்கு இனாமா ஒண்ணும் பண்ணல" என்றாள் ஆஞ்சலா. "நாந்தான் அவங்களுக்கு ரெண்டு வருஷமா இனாமா வாயத் தொறந்துக்கினு இருக்கேன்."

ஜோசஃபின் எழுந்துபோனாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, லீவு போட முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் அரசாங்கப் பல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். வரிசை வெயிலில் ஆரம்பித்து நிழலில் முடிந்தது. உள்ளே நிருபமா என்ற டாக்டர், சாப்பிட நேரமில்லாத முகத்தோடு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஆஞ்சலாவின் வாயை எட்டிப் பார்த்தார். போனில் இருந்த எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கன்னடத்தில் கேட்டார். அதே கேள்விதான். ஆனால் இந்தக் குரல் தழுதழுக்கவில்லை, திட்டியது.

ஆஞ்சலா கன்னடத்தில் தட்டுத்தடுமாறி, இது ரொம்ப அபூர்வம் என்று சொன்னார்கள் என்றாள். சொல்லும்போதே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

டாக்டர் நிருபமா கையுறையை உருவி வாளியில் எறிந்தார். "காலையில இருந்து இது ரெண்டாவது" என்றார், இப்போது தமிழில். "முந்தி வந்தவன் உன்னவிட மோசம்."

ஆஞ்சலாவுக்கு உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் கழன்று விழுந்தது. சாதாரணமாக இருப்பது இவ்வளவு சுகமா என்று அழுகை வந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷனில் ஓர் ஆள் வராமல் போய் இடம் காலியாகியிருக்கிறது, தவறவிட்டால் முன்பல் தங்காது என்றார். அச்சு எடுக்கும் இடத்தில் கூட்டம் நெரிகிறது. கல்லூரியில் எடுத்த மாவுக்கல் மாதிரி இருந்தால் கையோடு கொண்டுவரச் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

மாதிரியைக் கேட்டு வாங்கத்தான், ஆபரேஷனுக்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில் ஆஞ்சலா கல்லூரிக்குப் போனாள். போன இடத்தில் திருவிழா. வாசலில் கோலம். காவலாளி முனியப்பனுக்குப் புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக நோயாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சித்ரான்னப் பொட்டலம் கொடுத்து, எந்தப் பல் வலிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அன்றைக்குக் கல்லூரியின் அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வருகிறது.

ரமா மேடம் ஆஞ்சலாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடவுளாப் பார்த்து அனுப்பினார் என்றார். இந்த வருஷம் குழு ஒரு புது விதி போட்டிருக்கிறதாம். அபூர்வ கேஸ்களை வெறுமனே வைத்திருந்தால் போதாதாம். வைத்தியம் முடித்தும் காட்ட வேண்டுமாம்.

"முன் மட்டும் பத்தாதாம்மா. பின்னும் கேக்கறாங்க. நல்லவேளை, சார் ரெடி பண்ணிட்டார்."

கண்ணாடி அலமாரியைக் காட்டினார். ஆஞ்சலாவின் மாவுக்கல் பற்களுக்குப் பக்கத்தில், அதே கேஸ் எண்ணோடு, புதிதாக ஒரு ஜோடி இருந்தது. சந்து இல்லை. அரிசி மணி இல்லை. கோரைப்பல் தன் இடத்தில் நின்றது. சீட்டில்: சிகிச்சைக்குப் பின். சுவரில் படமும் மாட்டியிருந்தார்கள். கருப்புப் பட்டைக்குக் கீழே ஒரு பளிச்சென்ற சிரிப்பு.

ஒரு கணம் ஆஞ்சலா நம்பிவிட்டாள். நாக்கு தானாகப் போய்ச் சந்தைத் தொட்டுப் பார்த்தது. இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவள் பட்ட அவமானம் பதாகையைப் பார்த்தபோதுகூடப் பட்டதில்லை.

பிறகுதான் படத்தில் இருந்த மோவாய் கண்ணில் பட்டது. லேசாகப் பச்சை ஓடிய, மழித்த மோவாய். திரும்பிப் பார்த்தாள். மூலையில் ரித்விக் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய மீசையைக் காணவில்லை.

"சாரி" என்றான். "டிபார்ட்மெண்ட்ல எனக்கு மட்டும்தான் பல்லு கரெக்டா இருந்துச்சு. சின்ன வயசுல கிளிப் போட்டிருந்தேன்."

"எத்தன நாள் காத்திருந்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "டாடி கூட்டிட்டுப் போனார். அன்னிக்கே போட்டாங்க."

ஆஞ்சலா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். என் அச்சு மாதிரி வேண்டும், நாளைக்கு வேறு இடத்தில் ஆபரேஷன். ரமா மேடம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எல்லாம் குழு போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவள் முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டி, அலமாரி பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். திருப்தியா என்று கேட்பார்கள், தலையாட்டினால் போதும். "ஒரே ஒரு ஹெல்ப்மா, வாயை மட்டும் திறந்துடாதீங்க."

இரண்டு வருஷமாகத் திற திற என்று மட்டுமே கேட்ட வாய்க்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். குழு வரட்டும், மாஸ்க்கைக் கழற்றி, "சார், இவங்க எனக்கு ஒண்ணுமே பண்ணல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

குழு வந்தது. தலைவர் வயதானவர், நல்ல உயரம். டாக்டர் சீனிவாசராகவன் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "எங்க டிபார்ட்மெண்ட்டோட பாலிஸி ஒண்ணுதான் சார். பேஷண்ட் ஃபர்ஸ்ட். ஒருத்தர் உள்ள வந்துட்டா அவ்ளோ சீக்கிரம் விடமாட்டோம். இந்தக் குழந்தையையே எடுத்துக்கோங்கோ, ரெண்டு வருஷமா எங்ககூடவே இருக்கா. இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சுப்போம்."

தலைவர் குனிந்தார். "திருப்தியாம்மா?"

ஆஞ்சலா மாஸ்க்கைக் கழற்றினாள். ரமா மேடம் மூச்சை இழுத்தது கேட்டது.

"சார்" என்று ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல்லில் உதடு விலகி, சந்து தெரிந்துவிட்டது. தலைவரின் கண்கள் அதில் போய் நின்றன. பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"ஆ காட்டும்மா" என்றார்.

அவள் வாய் திறந்துகொண்டது.

அவள் திறக்கவில்லை. அதுவாகத் திறந்துகொண்டது. தலை பின்னால் சாய்ந்தது, நாக்கு ஒதுங்கிக்கொண்டது, கன்னம் வளையத்துக்குத் தோதாக விரிந்தது. இரண்டு வருஷப் பயிற்சி. மனப்பாடம் செய்து வைத்த வாக்கியம் தொண்டைக்குள்ளேயே மல்லாந்து கிடந்தது. வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் குனிந்தன.

"உபரிப் பல்லு தலைகீழாவா? கோரைப்பல் குறுக்கே? பியூட்டிஃபுல்" என்றார் தலைவர், யாரோ பழக்கத்தில் நீட்டிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. பிறகு நிமிர்ந்து யோசித்தார். "ஆனா இது முடிஞ்ச கேஸ்னு சொன்னீங்களே?"

"இவ முன் சார்" என்றார் டாக்டர் சீனிவாசராகவன், இமைக்காமல். "பின் அலமாரியில இருக்கு."

தலைவர் அலமாரியைப் பார்த்தார். ஆஞ்சலாவைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நான் எத்தனையோ காலேஜ் பாத்துட்டேன் டாக்டர். முன் இருந்தா பின் இருக்காது. பின் இருந்தா முன்னைக் கண்ணால பாக்க முடியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல வச்சிருக்கிற ஒரே டிபார்ட்மெண்ட் உங்களோடதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து அறையில் சித்ரான்னப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தவர்களும், நமக்கும் ஏதோ கிடைக்கப்போகிறது என்று தட்டினார்கள். குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது. வெள்ளைக் கோட்டுகள் பின்னால் போயின.

ஆஞ்சலாவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. மூடச் சொல்ல யாரும் இல்லை. கன்னத்து ஓரம் எச்சில் இறங்கியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தாடையை மெல்ல, தானாகவே, மூடினாள். அது எழுப்பிய சின்ன சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். தன் பற்களில் கடைசியாக, ரித்விக் குழைத்துச் செய்த ஜோடியை எடுத்தாள். வலது கையில் மேல்தாடை, இடது கையில் கீழ்தாடை. வாசலில் ரித்விக் மட்டும் நின்றுகொண்டிருந்தான், மீசையில்லாத வாயைக் கையால் மூடிக்கொண்டு. அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அது டிபார்ட்மெண்ட் பிராப்பர்ட்டி, ஆஞ்சலா" என்றான், சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"பின் இருக்கே. அத வச்சுக்கங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

வெளிக் கதவில் முனியப்பன் மறித்தான். இன்றைக்கு எந்தச் சாமானும் வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. "என்னம்மா அது, கைல?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டான்.

"என் பல்லு."

"யாருக்குத் தெரியும் உம்முதுன்னு? பாஸ் இருக்கா?"

இரண்டு கையும் நிறைந்திருந்தது. மூடிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. முகம் சூடாவதை உணர்ந்தாள். கோலத்தைத் தாண்டி, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஞ்சலா மாதிரிகளைத் தாடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். யாரும் சொல்லாமல், இந்தத் தடவை அவளே வாயைத் திறந்து காட்டினாள்.

முனியப்பன் புருவத்தைச் சுருக்கி அதையும் இதையும் பார்த்தான். அதில் சந்தைப் பார்த்தான், இதில் சந்தைப் பார்த்தான். அரிசி மணியைப் பார்த்தான்.

"ஹவுது, உம்முதுதான்" என்று தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் வெளியே நடந்தாள். நாளைக்கு வியாழக்கிழமை.